மச்சாளின் பல்லும் ஒரு செப்புச் சன்னமும்

மான் வேட்டைக்கு எந்தச் சன்னம், அதுதான் துப்பாக்கிக் குண்டு, நல்லது, எது கூடாது என்று தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தால், என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் வாழ்நாளில் ஒருமுறைகூடத் துப்பாக்கியின் விசையை அழுத்தியதில்லை. ஆனால் எலும்பில் பட்டதும் எது நொறுங்கும், எது முழுதாக நிற்கும் என்பதை என் குளியல் தொட்டியையும் சமையல் சட்டிகளையும் வைத்தே கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பல். என் மச்சாளின் பல்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. எங்களுக்கு முன்பே கனடா வந்தவர். எங்களுக்கு முதல் குளிர்கால ஜாக்கெட்டை வாங்கித் தந்தவரும், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று காட்டியவரும் அவர்தான். அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். சாதுவான மனிதர். வந்து சில வருடங்களில் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு மச்சாளின் குரல் இன்னும் உயர்ந்தது. எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கறியை மச்சாள் நல்லது என்றால் அது நல்லது. உப்புக் கூட என்றால், உப்பே போடாவிட்டாலும் உப்புக் கூடத்தான். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வாங்குவதற்காக நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் கணவருக்கு அப்போது பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. அங்கே சாமான் ஏற்ற வரும் லொறிச் சாரதி ஒருவர், வெள்ளைக்காரர், ஸ்ரௌவ்விலுக்கு அப்பால் சொந்தப் பண்ணை வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர் அவருக்கு மீன் கட்லட் கொடுக்க, அவர் இவருக்கு மான் வேட்டைக் கதை சொல்ல, இருவருக்கும் ஒட்டிவிட்டது. இவர் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கிவிட்டார். வன்னியிலிருந்து யாராவது மான் வத்தல் கொண்டுவந்தால் ஊரே வாசலில் நிற்கும் காலத்தைக் கண்டவர்தானே. இங்கே மான் காட்டில் சும்மா திரிகிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதல் வருடமே ஒரு மான் விழுந்தது. மிகக் கிட்டத்தில் நின்றதாம். தோளில் பட்டதாம். இறைச்சியை நான் வெட்டும்போது தோள்பக்கம் முழுவதும் கறுத்து, இரத்தம் உறைந்து, ஜெலிபோலக் கிடந்தது. சன்னத்தின் துண்டு ஏதாவது இருக்குமோ என்று கேட்டேன். இவர் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி, வாழைப்பழ வடிவத்தில் இருந்த காந்தம் அது, அதை இறைச்சிக்கு மேலே அர்ச்சனை செய்வதுபோல மூன்று தரம் சுற்றினார்.

“ஒண்டும் ஒட்டேல்லை. கிளீன். நீர் பயப்பிடாமல் சமையும்” என்றார்.

செம்பும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது என்பது அந்த வீட்டில் இருவருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்ததை மன்னிக்கலாம். இவர் ஊரில் விஞ்ஞானம் படித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். எங்கள் அப்பார்ட்மென்றில் இருக்க இடமில்லை. சோபாவின் கைப்பிடியிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் அன்று வைத்த மான் கறியைப் போல அதற்கு முன்பு வைத்ததில்லை. தூளை நானே வறுத்து, பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, தேங்காய்ப்பாலை இறுதியில் விட்டு இறக்கியது. மச்சாள் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆட்டினார்! நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தேன். இரண்டாம் வாயில் “டக்” என்று ஒரு சத்தம் கேட்டது.

மச்சாள் கையை வாய்க்குக் கீழே பிடித்துத் துப்பினார். உள்ளங்கையில் கிழிந்த செப்புத் தகடு ஒன்று. அதற்குப் பக்கத்தில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை.

“என்ர தம்பி மானைச் சுட்டவனோ, என்னைச் சுட்டவனோ?” என்று கேட்டார் மச்சாள்.

சபை சிரித்தது. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் சாப்பாட்டுக் கோப்பையைக் கிளறத் தொடங்கினார்கள். ஈயக் குறுணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. ஒருவர் கண்டெடுத்ததை மீன் முள் வைப்பதுபோலக் கோப்பை விளிம்பில் வரிசையாக வைத்தார். “இது வெடிக்கறி” என்றார் இன்னொருவர். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. மச்சாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, சபை நடுவே சொன்னார்.

“இனி இந்த வீட்டில நான் ஒரு வாயும் சாப்பிடமாட்டன்.”

சொன்னதைச் செய்பவர் மச்சாள். அதன் பிறகும் வீட்டுக்கு வந்தார், இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார். வரும்போது தன் வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து, என் சோபாவில் இருந்து, என் கண் முன்னாலேயே ஊற்றிக் குடித்தார். அதைப்போல ஒரு அடியை எனக்கு யாரும் அடித்ததில்லை. மச்சாள் சாப்பிடாத வீட்டில் மற்றவர்களும் கொறித்துவிட்டு எழுந்தார்கள். பாயாசத்தைக்கூடக் கரண்டியால் துழாவிப் பார்த்துத்தான் குடித்தார்கள். பாயாசத்தில் என்ன மானா இருக்கப்போகிறது?

ஓகஸ்ட் கடைசியில் இவர் துப்பாக்கியை விற்றுவிடுகிறேன் என்றார். “கோழியைச் சமைச்சுக் கூப்பிடும். அக்கா வருவா” என்றார்.

“கோழிக்கு வரவேண்டாம். அதே மான் கறிக்குத்தான் வரவேணும். வந்து என்ர வீட்டில இருந்து, என்ர கையால சாப்பிடவேணும்” என்றேன்.

நான் சண்டைக்காரி என்று என் தாய் சொல்லுவார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கிழமை இவருடன் அந்த லொறிச் சாரதியிடம், எங்கள் பண்ணைக்காரரிடம், போனேன். ஏன் அந்தச் சன்னம் அப்படிச் சிதறியது என்று கேட்டேன். என் இங்கிலிஷ் அப்போது தொழிற்சாலை இங்கிலிஷ். மிச்சத்தை இவர் மொழிபெயர்த்தார். தோட்டா முழுவதையும் ரவை என்கிறோம். ரவையின் முனையில் இருந்து பறப்பதுதான் சன்னம். எங்கள் சன்னம் உள்ளே மெத்தென்ற ஈயம், வெளியே மெல்லிய செப்புத் தோல். தூரத்தில் நின்ற மானின் விலாவில் பட்டால் அழகாக விரிந்து வேலையை முடிக்கும். கிட்டத்தில், முழு வேகத்தில், தோள் எலும்பில் பட்டால் உடைந்து இறைச்சி முழுக்கப் பரவிவிடும். உடையாத சன்னங்களும் கடையில் இருக்கின்றன என்றார் அவர்.

“எது உடையாது எண்டு எப்பிடித் தெரியும்? எல்லாப் பெட்டியிலயும் தங்கட சாமான் திறம் எண்டுதானே எழுதியிருப்பினம்” என்று கேட்டேன்.

இவர் மொழிபெயர்த்ததும் பண்ணைக்காரர் பெரிதாகச் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டாம். ஜெலற்றினைக் காய்ச்சிப் பெரிய கட்டியாக உறைய வைத்துச் சுடலாம். அது இறைச்சிபோல இழுபட்டுக் கொடுக்கும். அல்லது பழைய பத்திரிகைகளை ஊற வைத்து அடுக்கிச் சுட்டு, உள்ளே நிற்கும் சன்னத்தைத் தோண்டி எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். அவருடைய பண்ணையின் பின்பக்கம் மண் வெட்டிய பெரிய பள்ளம் இருந்தது. மூன்று பக்கமும் உயர்ந்த மண் சுவர். சுடுவதற்குப் பயமில்லாத இடம்.

எங்கள் வீட்டில் ரவை என்றால் அதுவரை உப்புமாவுக்குப் போடுவதுதான். அதன் பிறகு “ரவை முடிஞ்சுது” என்று நான் சொன்னால், “எந்த ரவை?” என்று இவர் கேட்காமல் கடைக்குப் போவதில்லை.

ஜெலற்றின் வாங்கப் போனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மாட்டு எலும்பில் செய்தது. என் சட்டியில் மாடு ஏறியதில்லை, சன்னத்துக்காகவும் ஏறாது. கடற்பாசி இருக்கிறதே என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுப்பதுதானே, அதுவும் உறையும், இதுவும் உறையும். தமிழ்க் கடையில் இருந்த கடற்பாசிப் பைக்கற்றுகளை எல்லாம் வாங்கிவந்து, கோயில் மடைக்குப் படையல் சமைக்க வாங்கிய பெரிய சட்டியில் காய்ச்சி, பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் ஊற்றினேன். காலையில் தட்டினால் கண்ணாடிபோல ஆடாமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செப்ரெம்பர் மாதம். பள்ளத்துக்குள் பெட்டியைத் திறந்து கட்டியைக் கவிழ்த்து மரக்குற்றியில் வைத்தோம். இவர் துப்பாக்கியைச் சரிபார்த்து முடிப்பதற்குள் கட்டியைச் சுற்றி மஞ்சள் குளவிகள். ஒன்று இரண்டல்ல, கூட்டமாக. ஏன் என்று பண்ணைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு மெல்ல விளங்கியது. கடற்பாசி காய்ச்சும்போது கை தன் பாட்டுக்குச் சீனியைப் போட்டிருக்கிறது. ஏலக்காயும்தான்.

குளவியோடு குளவியாக இவர் சுட்டார். கட்டி வெடித்துப் பள்ளம் முழுவதும் பறந்தது. இவருடைய தொப்பியில் ஒரு துண்டு, பண்ணைக்காரரின் மீசையில் ஒரு துண்டு. அவர் அதை நாக்கால் எடுத்து, ருசி பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். சன்னம் மண்ணுக்குள் போய்விட்டது. கடற்பாசி இழுபடாது, உடையும். இறைச்சிதான் இழுபடும். இரண்டையும் தினமும் கையில் பிடிப்பவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரவாயில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் இவர் சிரித்தார். நான் அடுத்ததை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது பத்திரிகை. அதற்கு ஸ்காபரோவில் பஞ்சமில்லை. தமிழ்க் கடை எதற்குள் போனாலும் வாசலில் இலவச வாரப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும். புதுக் கிழமை வந்தால் பழையதை அள்ளிக் குப்பையில் போடுவார்கள். நான் போய் அந்தக் கட்டுகளைக் கேட்டேன்.

“எல்லாமோ? ஏன் அக்கா, உங்கட படம் வந்திருக்கோ?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஓம், வரப்போகுது” என்றேன்.

வீட்டில் கொண்டுவந்து தரையில் விரித்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. தமிழ்ப் பத்திரிகையை எப்படிச் சுடுவது? ராசிபலன் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார். கோயில் திருவிழா விளம்பரத்தில் முருகன் வள்ளி தெய்வானையோடு நிற்கிறார். காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். சாமிப் பக்கங்களை எல்லாம் பிரித்து எடுத்தேன். பிறகு மரண அறிவித்தல்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் நடுப்பக்கம் முழுவதும் செத்துப்போன மனிதர்கள். மாலை போட்ட படங்கள், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தாயார் என்று. இந்த மனிதர்கள் படும் பாடெல்லாம் பட்டு அந்நிய மண்ணில் கண்ணை மூடியது நான் அவர்களுடைய நெற்றியில் சுடவா? அதையும் எடுத்தேன்.

எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணையின் முகம் வந்தது. மச்சாளின் கணவர். அவருடைய ஆண்டு நினைவஞ்சலி அந்தக் கிழமைப் பத்திரிகையில் வந்திருந்தது. மச்சாள் ஒவ்வொரு வருடமும் போடுவார். அதே கண்ணாடி போட்ட படம், அதே கூச்சச் சிரிப்பு. ஒரே கிழமைப் பத்திரிகையின் கட்டு என்பதால் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தார். கட்டு முழுவதையும் அவிழ்த்து, ஒன்று விடாமல் அந்தத் தாளைக் கிழித்து எடுத்து, நனையாமல் அலுமாரிக்குள் வைத்தேன். இவர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, தானும் கீழே இருந்து கிழித்தார்.

மிஞ்சியது எல்லாம் விளம்பரம். வீடு விற்பவர்கள், வீட்டுக் கடனுக்கு மோட்கேஜ் எடுத்துத் தருபவர்கள், இமிகிரேஷன் ஆலோசகர்கள், எல்லாரும் கோட்டும் போட்டு, கழுத்தில் ரையும் கட்டிப் பல் தெரியச் சிரித்தபடி. ஒரு கவிதைப் பக்கமும் இருந்தது. எடுப்பதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். வாசித்துப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

குளியல் தொட்டியில் தண்ணீர் நிறைத்து ஊறப் போட்டோம். அந்த வீட்டில் அன்று யாரும் குளிக்கவில்லை. முதல் தடவை ஒரு சில மணி நேரம்தான் ஊறியது. வெளியே ஈரம், நடுவில் காய்ந்து கிடந்தது. பண்ணைக்காரர் விரலை விட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை ஒரு பகலும் இரவும் போட்டு, பிழிந்தால் சோறு கஞ்சியானதுபோல வரும்வரை ஊற வைத்தேன். வாழைப்பழம் வரும் அட்டைப் பெட்டிகளுக்குள் குப்பைப் பையை விரித்து, தாள்களை இறுக்கி அடுக்கினோம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மானின் தோளில் எலும்பு இருக்கிறது. பத்திரிகையில் எலும்பு இல்லையே. இறைச்சிக் கடைக்குப் போய் ஆட்டுக்கால் எலும்பு வாங்கிவந்து, முதல் அடுக்குகளுக்குப் பின்னால் குறுக்காகச் சொருகினேன். பண்ணைக்காரர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

எங்களை அறிந்தவர்கள் சிலர் பிறகு கேட்டார்கள். சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு இது என்ன விளையாட்டு என்று. அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. ஊரில் சன்னம் வந்தபோது யாரும் என்னிடம் எது வேண்டும் என்று கேட்கவில்லை. நான் நிலத்தில் குப்புறப் படுத்தேன், அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தில் நான் நிமிர்ந்து நின்று, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, இதைச் சுடுங்கோ, இப்போது அதைச் சுடுங்கோ என்று சொன்னேன். அந்த நிமிர்வு எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வைத்தோம். முதலில் எங்கள் பழைய சன்னம். மான் நின்ற அதே கிட்டத்தில் இருந்து சுட்டார். நான் கையுறை போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். வீடு விற்பவரின் சிரிப்புக்கு நடுவால் சன்னம் போயிருந்தது. எலும்பு தூளாகியிருந்தது. அதற்குப் பின்னால் தாள் முழுவதும் கறுத்த ஈயக் குறுணிகள், இரண்டு கை அகலத்துக்கு. இன்னும் உள்ளே வெறும் செப்புத் தோல், கிழிந்து, உள்ளே ஒன்றுமில்லாமல். மச்சாளின் உள்ளங்கையில் நான் கண்ட துண்டு அச்சொட்டாக அதேதான்.

நான் கத்தினேன். சந்தோஷத்தில்தான். என் கறிக்குள் என்ன நடந்தது என்பது பிடிபட்டுவிட்டது. பிழை என் கையில் இல்லை, தூளில் இல்லை, சட்டியில் இல்லை. அந்தச் சன்னத்தில் இருந்தது.

பிறகு அதே வகையில் பாரம் கூடிய சன்னம் ஒன்று. அது கொஞ்சம் பொறுத்தது, ஆனாலும் பாதி போல உதிர்ந்துவிட்டது. கடைசியாகப் பண்ணைக்காரர் தான் வைத்திருந்த ஒன்றைத் தந்தார். ஈயமே இல்லை, முழுக்கச் செம்பு, மூக்கில் ஒரு சின்னக் குழி. சுட்ட பிறகு உரிக்கிறேன், உரிக்கிறேன், எலும்பு உடைந்திருக்கிறது, ஆனால் தாளில் ஒரு குறுணியும் இல்லை. முதல் பெட்டி முடிந்தது. அடுத்த பெட்டி முடிந்தது. கடைசிப் பெட்டியின் கடைசிப் பக்கத்தில், கவிதைக்கு முன்னால், அது நின்றது. மூக்கு நாலு இதழாக விரிந்து வளைந்திருந்தது. ஒரு இதழும் குறையவில்லை. வெயிலில் பிடித்தால் மினுங்கியது.

இன்னொரு தரம் செய்ய வேண்டும் என்றேன். இவரும் பண்ணைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருநாள் கறி வாய்த்துவிட்டால் அது கைப்பக்குவம் ஆகாது. மறுநாளும் வாய்க்க வேண்டும். மறுபடி பத்திரிகை, மறுபடி தொட்டி, மறுபடி ஆட்டுக்கால். செப்புச் சன்னம் மறுபடியும் நாலு இதழோடு முழுதாக வந்தது.

நிறுத்துப் பார்க்க என் சமையல் தராசு போதவில்லை. அதன் முள் அசையவே மறுத்தது. பிளாசாவில் இருந்த நகைக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சுடாத சன்னம் ஒன்று, சுட்டது ஒன்று. நகைக்கடைக்காரர் கண்ணில் வில்லையைப் பொருத்திப் பார்த்தார்.

“அக்கா, உது பவுண் இல்லை, செம்பு.”

“தெரியும் தம்பி. நிறுத்துச் சொல்லுங்கோ, ரண்டும் ஒண்டோ எண்டு.”

கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த தராசில் மாறி மாறி வைத்தார். “ஒரு குண்டுமணி வித்தியாசமும் இல்லை” என்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் கடைக்குள் நின்று சிரித்ததைப் பார்த்து, நகை பார்க்க வந்த ஒரு கலியாணப் பெண்ணும் தாயும் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பரில் இவர் புதுச் சன்னத்தோடு வடக்கே வேட்டைக்குப் போனார். அங்கிருந்து ரெலிபோன் பூத்தில் நின்று எடுத்தார். “விழுந்திட்டுது” என்றார். பெரிதா சின்னதா என்று நான் கேட்கவில்லை. சன்னம் எங்கே என்று கேட்டேன். தோளால் போய் மறுபக்கத்தால் வெளியே போய்விட்டதாம். இரண்டு ஓட்டைதானாம். இறைச்சி வந்தபோது சூடு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறிந்தேன். மிச்சத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு துண்டாக விரலுக்குள் நசித்துப் பார்த்தேன். போன தடவை கறுத்துக் கிடந்த தோள் இந்தத் தடவை செந்நிறமாக, சுத்தமாக இருந்தது. காந்தம் பிரிட்ஜ் கதவிலேயே இருந்தது.

இனி மச்சாள். படம் எடுக்கும் பிலிம் றோல் வரும் சின்ன டப்பாவுக்குள் பள்ளத்தில் எடுத்த பழைய சன்னத்தின் கிழிந்த தோலையும், சுட்ட செப்புச் சன்னத்தையும் போட்டுக்கொண்டு அவருடைய அப்பார்ட்மென்றுக்குப் போனேன். மேசையில் கொட்டினேன். மச்சாள் வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிழிந்த தோலைக் கண்டதும் அவருடைய நாக்கு தானாகவே வலக் கன்னத்துக்குள் போனது.

“உதைத்தானே நான் கடிச்சனான்.”

“அதின்ர கூடப்பிறந்தது, மச்சாள். இதுதான் புதுசு. இது உடையாது.”

“உடையாதெண்டு ஆர் சொன்னது?”

சொன்னேன். கடற்பாசியில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குளவிக்கு மச்சாள் சிரிக்கவில்லை. ஆட்டுக்கால் எலும்பு வைத்ததைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகம் மாறியது.

“எந்தப் பேப்பர்?” என்று கேட்டார். “எந்தக் கிழமையான்?”

“அந்தக் கிழமையான்தான். அண்ணையின்ர பக்கத்தை எடுத்திட்டன் மச்சாள். ஒண்டும் நனையேல்லை. எல்லாம் அலுமாரிக்க இருக்கு.”

மச்சாள் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையின் கரையால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். அண்ணை போன பிறகு அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றும் அழவில்லை. செப்புச் சன்னத்தைக் கையில் எடுத்து, இதழ்களை விரலால் தடவி, “வடிவாய்த்தான் கிடக்கு” என்றார். அதன் பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எப்ப சமைக்கிறாய்?”

ஞாயிற்றுக்கிழமை சமைத்தேன். அதே ஆட்கள், அதே நெருக்கம், சோபாவின் கைப்பிடியில் அதே இரண்டு பேர். எல்லாரும் கறியைப் போட்டுக்கொண்டு ஒருவரும் தொடாமல் மச்சாளையே பார்த்தார்கள். மச்சாள் ஒரு துண்டை எடுத்து, விரலால் இரண்டாகப் பிய்த்து, வாயில் வைத்தார். இடப்பக்கத்தால் சப்பினார். மெதுவாக, ஒவ்வொரு கடியாக, வெடிக்கும் என்று காத்திருப்பவரைப் போல. விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். அதையும் இடப்பக்கத்தால்தான் சப்பினார். சபை அவரைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கியது. நான் சாப்பிடவில்லை. கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாடையையே பார்த்தபடி நின்றேன்.

அப்போது இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வடக்கிலிருந்து வரும்போது பனியில் கார் வழுக்கிய கதையை எடுத்தார். மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வின்ரர் ரயர் போடாமலோ போனனீ? உனக்கு எத்தினை தரம் சொன்னனான்? பிள்ளையளை நினைச்சியோ?” என்று தொடங்கி, ஒரு கையால் தம்பியைச் சுட்டிக்காட்டி, மறுகையால் இறைச்சியை எடுத்து வாயில் போட்டு, ஏச்சுக்கு நடுவே சப்பினார். வலப்பக்கத்தால்.

நான் கண்டேன். வேறு யாரும் காணவில்லை. உடைந்து கட்டிய அந்தப் பல்லால், யோசனையே இல்லாமல், என் கறியைக் கடித்து அரைத்துக்கொண்டு என் மச்சாள் என் வீட்டில் இருந்து என் கணவரை ஏசிக்கொண்டிருந்தார். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் அதிகம் வந்ததில்லை.

கிட்டப் போய் அவருடைய கோப்பையில் இன்னும் இரண்டு அகப்பை போட்டேன். “காணும், போதும்” என்றாரே தவிர, கோப்பையை இழுக்கவில்லை.